ஓட்டுநர் கையில் கைப்பேசி: சட்டம் எதைப் பார்க்கிறது, என்ன செய்கிறது?

வாகனம் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுப்பது குற்றம் என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எந்த நொடியில் குற்றமாகிறது, அபராதம் கட்டியதோடு அது முடிந்துவிடுகிறதா என்று கேட்டால் பலரும் தடுமாறுவார்கள். பேசினால்தான் தப்பு, சிக்னலில் நிற்கும்போது எடுத்தால் பரவாயில்லை, வழி பார்ப்பதைக் குற்றம் சொல்ல முடியாது, கையில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஆளுக்கொரு நம்பிக்கை உலவுகிறது. இவற்றுள் ஒன்றிரண்டு சில நாடுகளில் சரியாகவும் இருக்கலாம். பெரும்பாலான நாடுகளில் இவை எதுவும் நீதிமன்றத்தில் எடுபடாது.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். ஓட்டுநரின் கவனம் தொடர்பாகச் சட்டத்தில் இரண்டு வகைக் குற்றங்கள் இருக்கின்றன. ஒன்று பொதுவானது: கவனக்குறைவாக ஓட்டுவது, ஆபத்தான முறையில் ஓட்டுவது. இதில் வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதே கேள்வி; வண்டி தடம் விலகியது, எதிரே வந்தவர் திடீரென்று பிரேக் அடிக்க நேர்ந்தது என்று ஏதாவது ஒன்றைக் காவல்துறை எடுத்துக்காட்ட வேண்டும். மற்றது கைப்பேசிக்கென்றே வகுக்கப்பட்ட தனிக் குற்றம். அதில் கேட்கப்படுவன இரண்டே கேள்விகள்: கருவி கையில் இருந்ததா, அந்த நேரத்தில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தாரா? வண்டி நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்றிருக்கலாம், சாலை வெறிச்சோடிக் கிடந்திருக்கலாம், யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் இருந்திருக்கலாம். இரண்டு கேள்விக்கும் விடை ஆம் என்றால் குற்றம் முழுமையாகிவிடுகிறது.

இப்படி ஒரு தனிக் குற்றம் ஏன் தேவைப்பட்டது என்றால், சட்டத்தால் ஓட்டுநரின் மனத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அவருடைய சிந்தனை சாலையில் இருந்ததா, பேச்சில் இருந்ததா என்பதை எந்தக் காவலரும் சாட்சிக் கூண்டில் நின்று சொல்ல முடியாது. கையைப் பார்க்க முடியும். அது ஸ்டியரிங்கில் இருந்ததா, காதோரம் இருந்ததா, மடியில் ஒளிரும் திரைமேல் இருந்ததா என்பதைச் சாலையோரம் நிற்பவரும் சொல்லலாம், கேமராவும் காட்டலாம். கவனச்சிதறல்தான் உண்மையான தீங்கு. கை, நிரூபிக்க வசதியான அதன் அடையாளம். இந்தச் சட்டங்களில் நமக்கு விசித்திரமாகத் தோன்றும் பல விஷயங்களுக்கும் இந்த ஒரு காரணம் விளக்கம் தந்துவிடும்.

சாலைப் போக்குவரத்து குறித்த 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தமும் இதே வழியில்தான் செல்கிறது. ஓட்டுநர் ஓட்டுவது தவிர்ந்த வேறு செயல்களை இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கூறும் அதன் பிரிவில், வாகனம் நகர்ந்துகொண்டிருக்கையில் ஓட்டுநர் கையில் பிடித்துத் தொலைபேசியைப் பயன்படுத்துவதை உறுப்பு நாடுகளின் சட்டங்கள் தடை செய்தே தீர வேண்டும் என்ற வரி 2006இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் சொல்வது குறைந்தபட்ச அளவுதான். அதற்கு மேல் எவ்வளவு தூரம் போவது என்பதை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் முடிவு செய்துகொண்டது.

பயன்பாடு என்றால் என்ன?

தொடக்கக் காலச் சட்டங்கள் தொலைபேசி என்றால் பேசும் கருவி என்று நினைத்து எழுதப்பட்டவை. அந்த நினைப்பு வழக்கறிஞர்களுக்கு நல்ல வாய்ப்பாக அமைந்தது. பிரிட்டனில் 2003 டிசம்பரில் வந்த விதி, தகவல் பரிமாற்றத்துக்காகக் கைப்பேசியைப் பிடித்திருப்பதைக் குற்றமாக்கியது. சாலை விபத்து ஒன்று நடந்த இடத்தைக் கடந்து சென்ற ஓட்டுநர் ஒருவர் அதைத் தம் கைப்பேசியில் படம் பிடித்தார். வழக்கு 2019இல் உயர் நீதிமன்றம் வரை சென்றது. படம் பிடிப்பது யாருடனும் தொடர்புகொள்வது ஆகாது, எனவே இந்த விதியின்கீழ் அது குற்றமில்லை என்று நீதிமன்றம் கூறியது. அப்படிச் செய்வது சரி என்று நீதிபதிகள் சொல்லவில்லை. விதியின் சொற்கள் அவ்வளவு தூரம் நீளவில்லை என்றே சொன்னார்கள். அரசு அந்த ஓட்டையை அடைத்தது. 2022 மார்ச் 25 முதல் பிரிட்டனில் படம் எடுப்பது, பாட்டு வரிசையைத் தள்ளிப் பார்ப்பது, விளையாடுவது மட்டுமல்லாமல், திரையை ஒளிரச் செய்து மணி பார்ப்பதுகூடக் கையில் பிடித்துச் செய்தால் குற்றம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் ஏறத்தாழ இதே கதைதான். அங்கே 2008இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கேட்கவும் பேசவும் கைப்பேசியைப் பிடிப்பதைப் பற்றியது என்றும், நெரிசலில் நின்றபடி வரைபடம் பார்த்தவருக்கு அது பொருந்தாது என்றும் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2014இல் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் சொற்களை மாற்றி எழுதியது. புதிய சட்டம் 2017இல் அமலுக்கு வந்தது. அதன் பிறகும் ஒருவர் பழைய வாதத்தையே எடுத்துச் சென்றார். கையில் பிடித்து வரைபடத்தைப் பார்ப்பதும் பயன்பாடுதான் என்று 2025 ஜூனில் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

ஜெர்மனியின் அணுகுமுறை எனக்கு இவற்றைவிடத் தெளிவானதாகப் படுகிறது. 2017இல் திருத்தப்பட்ட அதன் சாலைப் போக்குவரத்து விதி, தொலைபேசி என்ற ஒரு பொருளோடு நின்றுவிடாமல், தொடர்புக்கோ தகவலுக்கோ பயன்படும் மின்னணுக் கருவிகள் அனைத்தையும் சேர்த்துக்கொண்டது. அவற்றை ஓட்டும்போது கையில் எடுக்கவும் கூடாது, பிடித்திருக்கவும் கூடாது. ஓட்டியபடியே கணக்குப் பார்க்கும் சிறு கால்குலேட்டரைத் தட்டிய வீட்டுமனைத் தரகர் ஒருவர், அது தொலைபேசியே இல்லையே என்று வாதாடினார். அதுவும் மின்னணுக் கருவிதான் என்று அந்நாட்டின் உச்ச நிலை நீதிமன்றம் 2020 டிசம்பரில் முடித்துவைத்தது. அதே மாதத்தில் கொலோன் நகர மேல்நிலை நீதிமன்றத்தின் முன் இன்னொரு கேள்வி வந்தது: காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசினால், கைதான் படவில்லையே? பிடித்திருத்தல் என்பது கையால் மட்டும் நிகழ்வதல்ல, தோளால் இடுக்குவதும் அதில் அடங்கும் என்பது விடை. கழுத்தைச் சாய்த்து ஓட்டுபவரின் தலை ஒரு பக்கமே திரும்ப முடியும் என்பதையும், எந்த நொடியிலும் கருவி நழுவலாம், நழுவினால் கை தானாக அதைப் பிடிக்கப் போகும் என்பதையும் எண்ணிப் பார்த்தால் இந்தத் தீர்ப்பை மிகை என்று சொல்ல முடியாது.

ஓட்டுதல் எப்போது நிற்கிறது?

சிவப்பு விளக்கில் வண்டி நிற்கிறது, கியர் நடுநிலையில் இருக்கிறது, முன்னால் நாற்பது வண்டிகள். இப்போது கைப்பேசியை எடுத்தால்? பிரிட்டனில் இதுவும் ஓட்டுதல்தான். போக்குவரத்து வரிசையில் நிற்பதும், சிக்னலில் நிற்பதும் விலக்காகாது. ஜெர்மனியில் வண்டி நின்று, எஞ்சினும் முழுமையாக அணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே எடுக்கலாம். இங்கே புதிய கார் வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு: சிக்னலில் நின்றதும் எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சின் தானாக அணைந்து, காலை எடுத்ததும் மீண்டும் உயிர்பெறும் வசதியை எஞ்சின் அணைக்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது என்று அந்த விதியே சொல்லிவிடுகிறது. பிரான்சு இன்னும் ஒரு படி மேலே போனது. பொதுச் சாலையின் ஓரமாக வண்டியை நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுக்கொண்டு பேசியவரும் போக்குவரத்தில் இருப்பவரே என்றும், எஞ்சின் ஓடுகிறதா அணைந்திருக்கிறதா என்பது பொருட்டல்ல என்றும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் கூறியது. வண்டி பழுதாகி நின்றது போன்ற வலுவான காரணம் இருந்தாலொழிய, முறையான நிறுத்துமிடத்தில் நிறுத்திய பிறகே அங்கே கைப்பேசியைத் தொடலாம். சிங்கப்பூரிலோ குற்றம், வாகனம் நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டுமே உரியது.

நின்றிருக்கும்போது எடுப்பதில் என்ன ஆபத்து என்று கேட்பதும் நியாயமான கேள்விதான். சிக்னலில் தொடங்கிய குறுஞ்செய்தி, விளக்கு பச்சையானதும் அங்கேயே முடிந்துவிடுவதில்லை என்பதுதான் இதற்கான விடை. பின்னாலிருப்பவர் ஹாரன் அடிக்க, பாதி வாக்கியம் திரையில் இருக்க, ஒரு கையால் வண்டியை நகர்த்தியபடி மறு கையால் அதை அனுப்பி முடிக்கும் அந்தச் சில நொடிகளில்தான் நடந்து கடப்பவரும், சைக்கிளில் வருபவரும் வண்டியின் முன்னால் இருக்கிறார்கள். கடிகாரம் வைத்து நின்றதையும் நகர்ந்ததையும் பிரித்துப் பார்க்க முடியாத இடத்தில் சட்டம் முழு நேரத்தையும் ஓட்டுதல் என்று கொள்வது எனக்குச் சரியாகவே தோன்றுகிறது.

விலக்குகள் உண்டு, அவை மிகக் குறுகலானவை. பிரிட்டனில், வண்டியை நிறுத்துவது பாதுகாப்பற்றது அல்லது இயலாதது என்ற நிலையில் அவசர உதவி எண்ணை உண்மையான அவசரத்துக்கு அழைக்கலாம். காரில் இருந்தபடியே பொருள் வாங்கும் சாளரத்தின் முன் வண்டியை நிறுத்தி, அந்த இடத்திலேயே கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்தலாம். வழிகாட்டும் செயலியைப் பொறுத்தவரை பொதுவான விதி இதுதான்: கருவி தாங்கியில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், பார்வையை மறைக்கக் கூடாது, புறப்படும் முன்பே சேருமிடத்தைப் பதிந்துவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் தாங்கியில் உள்ள கருவியை ஒரே ஒரு தட்டலோ ஒரே ஒரு தள்ளலோ செய்து இயக்கலாம். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், கையடக்கக் கருவியை வழிகாட்டலுக்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் கலையாத முறையில் பயன்படுத்தலாம் என்கிறது. கவனம் கலையாத முறை எது என்று விதி விவரிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு, வழிதான் பார்த்தேன் என்று சொல்பவருக்கு அந்த வரி கேடயமாகும் என்று எண்ணுவது துணிச்சலான கணக்கு.

மிதிவண்டிக்கும் இது பொருந்துமா என்று சிலர் கேட்பதுண்டு. நெதர்லாந்தில் 2019 ஜூலை முதல் பொருந்தும். ஜப்பானில் சைக்கிள் ஓட்டியபடி கைப்பேசி பார்ப்போருக்கு 2024 நவம்பர் முதல் கடும் தண்டனை உண்டு.

அபராதம், புள்ளி, உரிமம்

பிடிபட்டவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அபராதத் தொகை. உண்மையில் நீண்ட காலத்துக்குச் சுடுவது அதுவல்ல. பிரிட்டனில் அந்த இடத்திலேயே விதிக்கப்படும் அபராதம் 200 பவுண்டு. அதோடு உரிமத்தில் 6 தண்டப் புள்ளிகள் ஏறுகின்றன. மூன்று ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் வழக்கமாக உரிமம் பறிபோகும் என்பதால், இரண்டே முறை பிடிபட்டவர் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். தேர்வில் தேறி இரண்டு ஆண்டுகள் ஆகாத புதிய ஓட்டுநருக்கு வரம்பே 6 புள்ளிகள்தான். ஒரே ஒரு முறை கைப்பேசியை எடுத்ததற்காக அவர் உரிமத்தை இழந்து, பயிற்சி உரிமத்திலிருந்து தொடங்கி எல்லாத் தேர்வுகளையும் மறுபடி எழுத வேண்டும். அந்தப் பதிவு நான்கு ஆண்டுகள் உரிமத்தில் தங்கியிருக்கும். காப்பீடு புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நிறுவனம் கேட்கும், சந்தா ஏறும்.

ஜெர்மனியின் அளவுகோல் விளைவைப் பார்த்து ஏறுகிறது. வெறுமனே பிடித்திருந்தால் 100 யூரோவும் 1 புள்ளியும். பிறருக்கு ஆபத்து நேர்ந்திருந்தால் 150 யூரோ, 2 புள்ளிகள், ஒரு மாதம் ஓட்டத் தடை. சேதமே ஏற்பட்டிருந்தால் 200 யூரோ. பிரான்சில் 135 யூரோ அபராதமும், உரிமத்தில் இருக்கும் புள்ளிகளில் 3 குறைப்பும். கைப்பேசியோடு வேறொரு போக்குவரத்து மீறலும் சேர்ந்திருந்தால், 2020 முதல் காவலர் அங்கேயே உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் முதல் குற்றத்துக்கே 1,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் செய்தால் இரண்டும் இரட்டிப்பாகும். ஜப்பான் 2019 டிசம்பரில் தண்டனையைக் கூட்டி, ஆபத்து விளைவித்தவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம் என்றாக்கியது.

இந்தியாவின் வழி சற்று வேறுபட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டுவதைப் பற்றியது. 2018இல் கேரள உயர் நீதிமன்றம், ஓட்டும்போது கைப்பேசியில் பேசியது மட்டுமே மாநிலக் காவல் சட்டத்தின்கீழ் பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்த குற்றமாகிவிடாது என்று கூறியிருந்தது. மறு ஆண்டு, 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம், 184ஆம் பிரிவின் விளக்கத்திலேயே கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதும் சேர்க்கப்பட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் ஓட்டுவது ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் அது அமர்ந்திருக்கிறது. அதாவது, தொடக்கத்தில் நாம் பிரித்துப் பார்த்த இரண்டு வகைகளை இந்தியச் சட்டம் ஒன்றாக்கிவிட்டது: கருவி கையில் இருந்தால் ஓட்டியது ஆபத்தான முறைதான் என்று சட்டமே கொண்டுவிடுகிறது, தனியாக ஆபத்தைக் காட்டத் தேவையில்லை. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். நடைமுறையில் பெரும்பாலானோர் மாநில அரசு நிர்ணயித்த இணக்கக் கட்டணத்தைச் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்கிறார்கள். தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பணம் கட்டியதும் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதே சட்டத்தின் 206ஆம் பிரிவைப் பார்ப்பதில்லை. 184ஆம் பிரிவுக் குற்றம் நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், காவல் அதிகாரி உரிமத்தைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது. அந்த அலுவலர், உரிமதாரரின் விளக்கத்தைக் கேட்ட பிறகு, முதல் முறை என்றால் மூன்று மாதத்துக்கு உரிமத்தை முடக்கலாம். மறுமுறை என்றால் ரத்தே செய்யலாம். இந்த விசாரணைக்கு அழைப்பு வரும்போது போகாமல் இருப்பது, சொந்த வாதத்தைத் தானே கைவிடுவதற்குச் சமம்.

எப்படி நிரூபிக்கிறார்கள்?

பல ஆண்டுகளாக ஒரே வழிதான் இருந்தது: காவலர் தம் கண்ணால் பார்த்ததைச் சொல்வார், ஓட்டுநர் மறுப்பார். கன்னத்தைச் சொறிந்தேன், கையில் இருந்தது பணப்பை என்றெல்லாம் விளக்கம் வரும். கேமரா வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு இடம் குறைந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019 டிசம்பரில் கைப்பேசியைக் கண்டறியும் கேமராக்களை இயக்கத் தொடங்கியது. சாலைக்கு மேலே உயரத்தில் பொருத்தப்பட்டவை அவை. முன்கண்ணாடி வழியாகக் கீழ்நோக்கிப் படம் எடுப்பதால், சாலையோரக் காவலரின் கண்ணுக்குத் தெரியாத மடியும் தொடையும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. ஸ்டியரிங்குக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து, தலையை மட்டும் குனிந்து பார்ப்பவர்கள்தான் இதில் முதலில் சிக்குவார்கள். மென்பொருள் படங்களைச் சலித்து, கைப்பேசி இல்லை என்று தெரிபவற்றைத் தள்ளிவிடும். ஐயத்துக்குரியவற்றை மனிதர் ஒருவர் பார்த்த பிறகே அபராத அறிவிப்பு போகும். அங்கே இதற்கு 5 புள்ளிகள். விடுமுறைக் காலங்களில் அறிவிக்கப்படும் இரட்டைப் புள்ளி நாள்களில் 10.

இந்தியாவிலும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, கேமரா மூலம் அறிவிப்பு அனுப்பக்கூடிய குற்றங்களில் இதையும் சேர்த்திருக்கிறது. குற்றம் நடந்த 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும், குற்றத்தையும் வண்டி எண்ணையும் காட்டும் தெளிவான படம், நாள், நேரம், இடம், மீறப்பட்ட பிரிவு ஆகியவை அதில் இருக்க வேண்டும், கேமராவுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். அறிவிப்பு வந்தால் கோபப்படுவதற்கு முன்பு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கையில் இருப்பது உண்மையில் கைப்பேசியா, வண்டி எண் உங்களுடையதா, அன்று ஓட்டியது நீங்களா என்ற மூன்றில் ஒன்று தவறினாலும் எதிர்த்து விண்ணப்பிக்க இடம் உண்டு. நேரம் கடத்தினால்தான் அந்த இடம் சுருங்கிவிடும்.

பெரிய விபத்து என்றால் சான்று தேடும் முறையே மாறிவிடுகிறது. அழைப்பு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கடைசிக் குறுஞ்செய்தி போன நொடி ஆகியவை தொலைபேசி நிறுவனத்தின் பதிவுகளில் இருக்கும். கைப்பேசியைக் கைப்பற்றித் தடயவியல் சோதனைக்கு அனுப்பினால் திரை எப்போது திறக்கப்பட்டது, எந்தச் செயலி முன்னால் இருந்தது என்பதும் தெரியவரலாம். மோதல் நடந்த நேரத்தோடு இவற்றைப் பொருத்திப் பார்ப்பார்கள். அழைப்பை ஓட்டுநர் அழித்துவிட்டாலும் நிறுவனத்தின் பதிவு அழியாது.

கையில் பிடிக்காமல் பேசினால்?

ஹெட்செட், புளூடூத், காரின் ஸ்பீக்கர் ஆகியவற்றின் மூலம் பேசுவதைப் பெரும்பாலான நாடுகள் கையில் பிடிப்பதற்கான தனிக் குற்றத்துக்குள் கொண்டுவருவதில்லை. பிரான்சு 2015 ஜூலை முதல் காதுக்குள் செருகும் இயர்போன்களையும் தடை செய்தது. நியூ சவுத் வேல்ஸில் பழகுநர்களுக்கும் தற்காலிக உரிமம் வைத்திருப்போருக்கும் எந்த வடிவிலும் கைப்பேசி கூடாது. ஆனால் ஆய்வுகள் சட்டத்தின் இந்தப் பிரிவினைக்குச் சாதகமாக இல்லை. கனடாவில் நடத்தப்பட்டு 1997இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, பேசும் நேரத்தில் மோதல் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்றும், கையில் பிடிக்காமல் பேசுவதால் அது குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் கண்டது. கை விடுதலையாகிவிடுகிறது, மனம் விடுதலையாவதில்லை.

ஆகவே, கையில் பிடிக்கவில்லை என்பது தனிக் குற்றத்துக்கு மட்டுமே பதில். பொதுக் குற்றம் அப்படியே இருக்கிறது. ஸ்பீக்கரில் சண்டை போட்டபடி சிவப்பு விளக்கைத் தாண்டியவர் மீது கவனக்குறைவாக ஓட்டிய வழக்கைத் தொடரலாம். அவர் பேசிக்கொண்டிருந்தார் என்பது அந்த வழக்கில் அவருக்கு எதிரான சான்றாகவே நிற்கும்.

யாருக்காவது அடிபட்டால்

இந்த இடத்தில்தான் விளைவுகள் வேறு அளவுக்குப் போகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் நகர்கிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தவர் 33 மீட்டரைப் பார்க்காமலே கடந்திருக்கிறார். விபத்து வழக்கில் அரசுத் தரப்பு நீதிபதியின் முன் வைப்பது இந்தக் கணக்கைத்தான். சாலைக்கு வந்தவர் திடீரென்று வந்தார் என்ற வழக்கமான வாதம், முப்பது மீட்டரைக் கண் மூடிக் கடந்தவரின் வாயில் எடுபடாது.

இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)ஆம் பிரிவின்கீழ், அலட்சியத்தால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். பழைய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. கொடுங்காயம் என்றால் 125ஆம் பிரிவின்கீழ் மூன்று ஆண்டு வரை. பிரிட்டனில் ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தால் 14 ஆண்டு என்றிருந்த உச்ச தண்டனை, 2022 ஜூன் முதல் ஆயுள் சிறையாக உயர்த்தப்பட்டது. ஓட்டுநரின் கையில் கைப்பேசி இருந்தது என்பது அங்கே தண்டனையைக் கூட்டும் காரணிகளுள் ஒன்று.

குற்ற வழக்கு ஒரு பக்கம் நடக்க, இழப்பீட்டு வழக்கு மறு பக்கம் தனியாக நடக்கும். அதில் நிரூபண அளவுகோல் இலகுவானது. ஐயத்துக்கு இடமின்றிக் காட்டத் தேவையில்லை, இப்படித்தான் நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். குற்ற வழக்கில் விடுதலையானவரும் இழப்பீட்டு வழக்கில் தோற்கலாம். எதிர்த் திசையிலும் இது வேலை செய்யும்: அடிபட்டவர் கையில் கைப்பேசி இருந்து, அதனாலேயே மோதலைத் தவிர்க்க முடியாமல் போயிருந்தால், அவருடைய பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறைக்கப்படும். வெறுமனே கையில் இருந்தது என்பது இதற்குப் போதாது. சிவப்பு விளக்கில் நின்று கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து ஒரு லாரி மோதியிருந்தால், அவர் அபராதம் கட்ட நேரலாம். விபத்துக்கு அவர் காரணம் ஆகமாட்டார்.

காப்பீடு கிடைக்காமல் போகுமா என்ற அச்சம் பரவலாக உள்ளது. அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை மறுக்க நிறுவனங்களுக்கு எல்லா இடத்திலும் காரணங்கள் குறைவு. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவு அந்தக் காரணங்களை வரையறுத்துப் பட்டியலிடுகிறது, கைப்பேசி அதில் இல்லை. சொந்த வண்டியின் சேதத்துக்கான கோரிக்கை வேறு. அங்கே ஒப்பந்தத்தின் நிபந்தனைகளே பேசும். நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் பாலிசியில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு முறை படித்துவைத்துக்கொள்வது நல்லது.

வேலைக்காக ஓட்டுபவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையே சரக்கு, பயணிகள் வாகனம் ஓட்டுவோருக்கு 2012 ஜனவரி முதல் கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்த மத்திய அரசின் தடை இருக்கிறது. ஓட்டுநருக்கு விதிக்கப்படும் அபராதத்தைவிட, அவரை அப்படிப் பேச அனுமதித்த நிறுவனத்துக்கான அபராதம் பல மடங்கு பெரியது. பணி நேரத்தில் நடந்த விபத்துக்கு முதலாளியும் பொறுப்பு என்ற பழைய கோட்பாடு பெரும்பாலான நாடுகளில் உண்டு. எங்கே இருக்கிறாய் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அழைக்கும் மேலாளரின் எண்ணும் அந்த அழைப்புப் பதிவில்தான் இருக்கும். நியூ ஜெர்சி மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் இதைச் சாலைக்கு வெளியே இருப்பவர் வரைக்கும் நீட்டியது: பெறுபவர் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறார், ஓட்டியபடியே இதைப் படிப்பார் என்று தெரிந்தோ, தெரிந்திருக்கத் தனிக் காரணம் இருந்தோ குறுஞ்செய்தி அனுப்பியவரும் விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பில் பங்கேற்க நேரலாம் என்றது. அந்த வழக்கில் செய்தி அனுப்பியவருக்கு அப்படித் தெரிந்திருந்ததற்குப் போதிய சான்று இல்லாததால் அவர் மீது பொறுப்பு விழவில்லை.